சுமந்து வந்த சக்கரங்கள்

பழைய இரும்பு வாங்குபவர் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு காலைப் பொழுதில், தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்த மிதிவண்டியை எடைக்குப் போட்டோம். தந்தையார் இறைவனடி சேர்ந்த பின் அதை ஓட்டுவார் இல்லை. சக்கரக் கம்பிகளில் துரு ஏறியிருந்தது. இருக்கையின் தோல் வெடித்திருந்தது. தராசில் ஏற்றியபோது அதன் வயதோ, அது கடந்த தூரமோ, அது சுமந்த மனிதர்களோ கணக்கில் வரவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்பது மட்டுமே கணக்கு. வண்டியைத் தூக்கிக் கட்டப்போகும் நேரத்தில் அன்னையார் ஒரு திருப்புளியுடன் வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியில் இருந்த மணியை மட்டும் கழற்றிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.

அன்று தொடங்கி ஒரு கேள்வி நம்மை விடாமல் பின்தொடர்கிறது. உயிரற்ற ஒரு பொருளைப் பிரியும்போது நெஞ்சம் ஏன் கனக்கிறது? பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தின்மீது உள்ளத்தை வைக்காதீர்கள் என்று மலைப்பொழிவில் நம் ஆண்டவர் கற்பித்ததைக் கேட்டவர்கள் நாம். துறவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மண்ணில் பிறந்தவர்கள் நாம். அப்படியிருக்க, துருப்பிடித்த ஒரு வண்டிக்காக வருந்துவது விசுவாசிக்கு அழகாகுமா? அல்லது அந்த வருத்தத்திற்குள் நாம் கண்டுணர வேண்டிய நன்மை ஏதேனும் ஒளிந்திருக்கிறதா? இதற்கு விடை தேடவேண்டுமாயின் மிதிவண்டி என்னும் எளிய பொருள் மனித வாழ்வில், சிறப்பாக நம் புதுக்கோட்டை மண்ணில், என்ன செய்தது என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நடந்த கால்களின் காலம்

எங்கள் பகுதியின் வரலாற்றை ஆவூரிலிருந்து தொடங்குவதே முறை. விராலிமலைப் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில் அமைந்துள்ள இச்சிற்றூர், பழைய மதுரை மறைப்பணித்தளத்தின் முதன்மையான இருப்பிடங்களுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி வெனான்சியுஸ் புஷே அடிகளார் இங்குக் கோவில் எழுப்பினார். பின்னர் 1747இல் இன்னொரு கோவில் எழுந்தது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் இவ்வூரில் பணியாற்றியவர். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி இங்கு நடைபெறும் பாஸ்கா நாடகத்தையும் தேர்பவனியையும் காணச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வது நெடுநாள் வழக்கம்.

அந்த முன்னோர் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காவியுடை தரித்து, முள்ளும் கல்லும் நிறைந்த பாதையில் பெரும்பாலும் கால்நடையாகவே அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் வாழ்வே ஒரு நெடும்பயணம்தான். மறவ நாட்டுப் பொட்டல்களை அவர் அளந்தது தம் பாதங்களால். குருவானவர் வந்து சேரும் நாள் உறுதியாகத் தெரியாத காலம் அது. குழந்தை திருமுழுக்குக்குக் காத்திருக்கும். மணமக்கள் மந்திரிப்புக்குக் காத்திருப்பார்கள். சாகக் கிடக்கும் முதியவரோ சில வேளைகளில் காத்திருக்க இயலாமலே கண்மூடிவிடுவார். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே கிடந்த வெளி, விசுவாச வாழ்வுக்கே ஒரு தடையாக நின்றது. அந்தத் தடையைச் சுருக்கிய எளிய கருவிதான் மிதிவண்டி.

இரும்புக் குதிரை வந்த கதை

1817இல் ஜெர்மனியின் மான்கைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒரு சட்டத்தில் பொருத்தி, கால்களால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. குதிரைக்குப் பதிலாக மனிதன் தன்னையே குதிரையாக்கிக்கொண்ட முயற்சி அது. பிறகு முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு வளர்ந்த ஒரு காலம் வந்தது. அதில் ஏறவும் விழவும் துணிச்சல் மிக்க இளைஞர்களால் மட்டுமே முடிந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் உருவம் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

நம் நாட்டிற்கு முதலில் வந்தவை ஆங்கிலேய வண்டிகள். ராலே, ஹெர்குலிஸ், ஹம்பர் என்ற பெயர்களை நம் தாத்தாக்கள் உறவினர் பெயர்களைப் போலச் சொல்வார்கள். விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தமிழகமெங்கும் சென்றன. 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று வடக்கிலும் ஆலைகள் எழுந்தன. அதுவரை மிராசுதார்களும் அலுவலர்களும் மட்டுமே வைத்திருந்த பொருள், மெல்ல மெல்ல ஆசிரியரின், பால்காரரின், தபால்காரரின், பின்னர் உழவரின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்த விதத்தை மூத்த வாசகர்கள் நன்கு அறிவார்கள். புது வண்டி வீட்டிற்கு வருமுன் கோவில் வாசலில் நிற்கும். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தருவார். கைப்பிடியில் ஒரு செபமாலையோ, முன் மட்கார்டில் ஒரு சிறு சிலுவையோ இடம்பெறும். உள்ளாட்சி மன்றத்திற்கு ஆண்டு வரி கட்டி, அதன் அடையாளமான தகட்டு வில்லையை வண்டியில் மாட்டவேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனாலும், இருவராகச் சென்றாலும் காவலரிடம் அகப்பட்டு அபராதம் கட்டவேண்டும். வாங்க வசதியில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் உண்டு. உயரம் எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதும் அந்த வாடகை வண்டிகளில்தான்.

திருச்சபையும் இவ்வண்டிக்குக் கடன்பட்டிருக்கிறது. கிளைப்பங்குகளில் ஞாயிறு வழிபாடு நடத்தவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரவும் சென்ற உபதேசியார்களின் வாகனம் அதுவே. கேரியரில் பூசைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருவானவர் சென்றதும், அவஸ்தைப்பூசுதலுக்கு நள்ளிரவில் அழைப்பு வந்தபோது டைனமோ விளக்கின் மங்கிய ஒளியில் கண்மாய்க் கரையோரம் அவர் விரைந்ததும், நம் பெற்றோர் கண்ட காட்சிகள். குருவுக்காகக் காத்திருந்து கண்மூடியவர்களின் எண்ணிக்கை குறைந்ததில் இந்த ஏழை வாகனத்திற்கும் ஒரு பங்கு உண்டு.

எனினும், இந்த வரலாறு முழுவதும் ஒரு பாதியின் வரலாறுதான். ஓட்டியவர்கள் ஆண்கள். பெண்களுக்கு அதில் கிடைத்த இடம் பின்கேரியர் ஒன்றே.

1992: ஒரு மாவட்டம் எழுந்தது

1974ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தனி மாவட்டமான புதுக்கோட்டை, நாட்டின் வறிய மாவட்டங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கப்பட்டு, 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் ஆயிற்று. அதைத் தொடர்ந்து, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பிறந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத். ஊர்தோறும் தொண்டர்கள் மாலை நேரங்களில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கற்பித்தார்கள். கற்றவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். கற்பித்தவர்களிலும் பெண்கள் நிறைய இருந்தார்கள்.

அப்போது ஒரு நடைமுறை இடர்ப்பாடு எழுந்தது. எழுத்துக் கற்பிக்கும் பெண் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எப்படிச் செல்வாள்? பேருந்து எப்போதோ ஒரு முறை வரும். நடந்து சென்று இருட்டில் திரும்ப இயலாது. தந்தையோ தமையனோ கணவனோ கொண்டுவிட்டால்தான் உண்டு. பிறர் தயவில் நகரும் ஒருத்தி மற்றவர்க்குத் தற்சார்பைக் கற்பிப்பது எங்ஙனம்? ஆகவே மிதிவண்டிப் பயிற்சியையும் எழுத்தறிவின் ஒரு பாடமாகவே இயக்கம் ஆக்கிற்று. ஆட்சியர் அதனை ஊக்குவித்தார். பெண்கள் வண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்கவும் முயன்றார். இயக்கத்தின் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. 1992இல் உலக மகளிர் நாளையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்துப் புதுக்கோட்டை நகரையே வியக்கவைத்தார்கள்.

இந்த மாற்றத்தை நேரில் கண்டு எழுதிய இதழாளர் பி. சாய்நாத், ஒரே மாவட்டத்தில் லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றனர் என்று குறிப்பிடுகிறார். அவருடைய கட்டுரை 1996இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. பின்னர் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் அது சேர்க்கப்பட்டது. நம் ஊர்ப் பெண்களின் கதையை வடநாட்டுக் குழந்தைகள் பாடமாகப் படித்தார்கள்! அவர் தரும் ஒரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் வண்டியையே தயங்காமல் வாங்கினார்கள். குறுக்குக் கம்பி அவர்களுக்கு இடையூறாகத் தோன்றவில்லை. குழந்தையை அமர்த்திக்கொள்ள ஓர் இடமாகவே தோன்றியது.

கேலி பேசியவர்களும் இருந்தார்கள். சேலை கட்டிய பெண் பெடல் மிதிப்பதைப் பார்த்து விசில் அடித்தவர்களும், அடக்கம் கெட்டுவிடும் என்று அறிவுரை கூறியவர்களும் உண்டு. ஆனால் நீர் சுமக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரவும் பெண்ணுக்கு இனி எவர் தயவும் வேண்டியதில்லை என்றானபோது, கேலி தானாக ஓய்ந்தது. 1992ஆம் ஆண்டிலேயே புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

எங்கள் அன்னையார் மிதிவண்டி கற்றதும் அந்த ஆண்டுதான். எடைக்குப் போட்டோமே, அதே வண்டியில்தான். பகல் வேலை முடிந்து, பிள்ளைகள் உண்டு முடித்த பின், பள்ளி மைதானத்தின் நிலவொளியில், தம் வயதில் பாதிகூட இல்லாத ஓர் அறிவொளித் தொண்டர் பின்னால் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். முழங்காலில் ஒரு தழும்பு இன்றும் உண்டு. தந்தையார் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒரு நாள், ஒன்றும் சொல்லாமல், இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தார். அன்னையார் தனியாகச் சென்ற முதல் பயணம் ஆவூர் மாதா கோவிலுக்கு. குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றி எங்களில் இளையவரை உட்காரவைத்துக்கொண்டு போனார்.

பெயர் சூட்டப்பெற்ற வண்டி

இந்தப் பாசம் நம் நாட்டுப் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் மதுவிலக்குக்காகவும் பெண்கள் வாக்குரிமைக்காகவும் உழைத்த பிரான்சிஸ் வில்லார்டு அம்மையார் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்றார். அன்னையை இழந்த துயரிலும் உடல்நலக் குறைவிலும் இருந்த காலம் அது. நாள்தோறும் சில நிமிடங்களாக ஏறத்தாழ மூன்று மாதம் பயின்று தேர்ச்சி பெற்ற அவர், தம் வண்டிக்குக் 'கிளாடிஸ்' என்று பெயர் சூட்டினார். அந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டில், பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. அந்தோனி, பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறு எதைக்காட்டிலும் மிதிவண்டியே அதிகம் உதவியது என்ற கருத்தைத் தெரிவித்தார்.

நூறு ஆண்டு இடைவெளியில், கடல்கடந்த இரு நாடுகளில், ஒரே இரும்புச் சட்டம் ஒரே பணியைச் செய்திருக்கிறது. அம்மையார் பெயர் சூட்டியது இரும்புக்கு அன்று. தாம் மீண்டும் எழுந்து நடமாடிய அந்த நாள்களுக்கே. ஒரு பொருளின்மீது நாம் கொள்ளும் பாசத்தின் வேரும் இதுவே. அப்பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நம் வாழ்வையே நாம் நேசிக்கிறோம்.

மூன்று பிரிவுகள்

காலம் நிற்பதில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட் வந்தது. அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கே யுனிசெப் நிறுவனம் 50 மொபெட்டுகளை வழங்க முன்வந்தது. 2001-02ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005 அளவில் அத்திட்டத்தை மற்ற மாணவ மாணவியர்க்கும் விரித்தது. 2006இல் பீகார் மாநிலமும் மாணவியர்க்கு மிதிவண்டித் திட்டம் கொண்டுவந்தது. 2018இல் பணிபுரியும் மகளிர்க்கு மானிய விலையில் ஸ்கூட்டர் வழங்கும் திட்டம் தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. இவையெல்லாம் நன்மைகளே. பெடல் மிதித்த தாயின் மகள் ஸ்கூட்டரில் செல்வது முன்னேற்றம் அன்றி வேறென்ன? ஆயினும் புதியது வரும்போது பழையதை எப்படி வழியனுப்புகிறோம் என்பது நம் பண்பைக் காட்டும் உரைகல். இவ்வகையில் மூன்று விதமான பிரிவுகளை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, வறுமை பறிக்கும் பிரிவு. இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ தெ சீக்கா 1948இல் எடுத்த 'மிதிவண்டித் திருடர்கள்' என்னும் திரைப்படம் உலகப்புகழ் பெற்றது. போருக்குப் பிந்திய உரோமையில் ஓர் ஏழைக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு மிதிவண்டி வேண்டும். அவனுடைய வண்டியோ அடகில் இருக்கிறது. மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகுவைத்து அதை மீட்டுத் தருகிறாள். மீட்ட வண்டி முதல் நாளே களவு போகிறது. கதை இவ்வளவுதான். கண் கலங்காமல் அதைப் பார்ப்பவர் அரிது. ஏனெனில் அங்கே களவு போனது ஒரு குடும்பத்தின் சோறு.

இத்தகைய பிரிவு திரையில் மட்டும் நிகழ்வதன்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுதும் முடக்கப்பட்டபோது, புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பலர் கையிலிருந்த பணத்திற்கு மிதிவண்டி வாங்கி ஊர் நோக்கிப் புறப்பட்டார்கள். காயமுற்ற தந்தையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு 15 வயதுச் சிறுமி ஒருத்தி தில்லிக்கு அருகிலுள்ள குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றாள். வேறு பல்லாயிரம் பேர் உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூரில் நிறுத்தப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களின் வண்டிகள் அங்கேயே நின்றுவிட்டன. அடையாளச் சீட்டு தரப்பட்டிருந்தது. பலர் திரும்பி வந்து பெற்றுக்கொண்டார்கள். ஆனால் வண்டியின் விலையைவிட வந்துபோகும் செலவு மிகுதி என்பதால் வராதவர்களும் பலர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2022இல், எஞ்சிய 5,400 அளவிலான வண்டிகள் மொத்தமாக ஏலம் விடப்பட்டன. கிடைத்த தொகை சுமார் 21 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு 400 ரூபாய்கூட ஆகவில்லை. வெயிலிலும் மழையிலும் உரியவர்க்காகக் காத்து நின்ற அந்த வண்டிகளின் வரிசையை எண்ணும்போது, நம் உள்ளம் கனக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, மறதியால் நிகழும் பிரிவு. வறுமை இல்லை, தேவை மட்டும் தீர்ந்துவிட்டது. வண்டி தாழ்வாரத்தில் சாய்கிறது. காற்று இறங்குகிறது. கோழி அடைகிறது. ஒரு நாள் இரும்புக்காரர் வருகிறார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தில் அப்பழமாவது பிள்ளைகள் நாவில் இனித்தது. இப்போது கிடைக்கும் சில நோட்டுகள் எங்கே செலவானது என்பதும் நினைவில் நிற்பதில்லை. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் அவை 2018இல் உலக மிதிவண்டி நாளாக அறிவித்த அதே ஜூன் 3! உலகம் கொண்டாடிய நாளிலேயே ஓர் ஆலை ஓய்ந்தது. நாமும் இந்த இரண்டாம் வகையில்தான் சேர்ந்தோம். பழியை வேறு எவர்மீதும் சுமத்த வழியில்லை.

மூன்றாவது, காணிக்கையாக்கும் பிரிவு. வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகில், மலைக்கணவாய் ஒன்றின் உச்சியில், கிசாலோ மாதாவின் சிற்றாலயம் உள்ளது. மலையேறிக் களைத்த மிதிவண்டி ஓட்டிகள் அங்கே இளைப்பாறிச் செபிப்பது வழக்கமாயிற்று. 1949இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் கிசாலோ மாதாவை மிதிவண்டி ஓட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உலகப் புகழ்பெற்ற வீரர்கள் தாம் வெற்றிபெற்ற வண்டிகளை அங்கே காணிக்கையாகத் தந்தார்கள். ஆலயத்தின் உட்சுவர்களில் அவை மாட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுள் ஒருவர் ஜீனோ பார்த்தாலி. 1938இலும் 1948இலும் பிரான்சு நாட்டுப் பெரும் போட்டியில் வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். உலகப் போரின்போது யூத மக்களைக் காக்கும் மறைமுகப் பணியில், போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டு சென்றவர் என்று அறியப்படுகிறார். வாழ்நாளில் அதைப்பற்றி அவர் பெருமை பேசியதில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2013இல், எருசலேமின் யாத் வாஷேம் நினைவகம் அவரைச் சிறப்பித்தது.

அவ்வாலயத்தில் வெற்றியின் வண்டிகள் மட்டும் இல்லை. 1995 ஜூலை 18 அன்று பிரான்சு நாட்டுப் போட்டியில் மலையிறக்கத்தில் விழுந்து உயிரிழந்த இளம் வீரர் ஃபாபியோ கசார்த்தெல்லியின் சிதைந்த வண்டியும் அங்கே மாதாவின் திருமுன் இருக்கிறது. மகனை இழந்தவர்கள் அந்த வண்டியை என்ன செய்வது? வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் இயலாது; எறிந்துவிடவும் மனம் வராது. வியாகுலத் தாயின் கையில் ஒப்படைப்பதே அவர்கள் கண்ட வழி.

இரவல் பெற்ற வாகனம்

இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு ஒரு விடை தோன்றுகிறது. குருத்து ஞாயிறன்று நம் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்த காட்சியை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அன்று அவர் ஏறிவந்த வாகனம் அவருடையது அன்று. ஊர் ஒன்றில் கட்டியிருந்த கழுதைக்குட்டியை இரவலாகப் பெற்றுவரச் சீடர்களை அனுப்புகிறார். ஆண்டவருக்கு அது தேவை என்று கூறச் சொல்வதோடு, விரைவில் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற உறுதியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னதாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. மீட்பரின் ஒரே ஊர்வலம், திருப்பித் தரவேண்டிய ஒரு வாகனத்தில் நடந்தேறியது!

நம்மிடம் உள்ளவையும் அத்தகையவையே. வாடகைக் கடையிலிருந்து மணிக்கணக்கில் எடுத்துவந்த மிதிவண்டியைப் போல, எல்லாமே குறித்த காலத்திற்கு நம்மிடம் தரப்பட்டவை. அவற்றின்மீது பாசம் கொள்வது பிழையன்று. அந்தப் பாசம் நன்றியின் மறுபெயர். நன்றி மறவாதவன்தான் பற்றையும் விடமுடியும். பிழை எங்கே நேர்கிறது? வண்டியை இறுகப் பிடித்துத் துருப்பிடிக்க விடுவதில் ஒன்று. அது செய்ததையெல்லாம் மறந்து எடைக்குப் போடுவதில் மற்றொன்று. நம்மைச் சுமந்ததை, இன்னும் நடந்தே செல்கிற ஒருவரிடம் ஒப்படைப்பதே நன்றிக்குரிய வழி.

அத்தகையவர் நம் அருகிலேயே இருக்கிறார். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்துள்ள வடமாநிலத் தொழிலாளர்கள் பழைய மிதிவண்டி தேடி அலைவதை நம் சிறு நகரங்களில் அன்றாடம் காண்கிறோம். வயல் வேலைக்கு நெடுந்தொலைவு நடக்கும் முதியோர் உண்டு. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபைகள் இருக்கின்றன. இளைஞர் இயக்கங்கள் இருக்கின்றன. தாழ்வாரங்களில் கிடக்கும் வண்டிகளைத் திரட்டி, பஞ்சர் ஒட்டி, சக்கரக் கோட்டம் எடுத்து, எண்ணெய் இட்டு, தேவைப்படுவோர் கையில் கொடுப்பது பெரிய பொருட்செலவு வேண்டாத ஓர் அறப்பணி. தவக்காலத்தில் நாம் செய்யும் தருமங்களுள் இதையும் ஒன்றாகக் கொள்ளலாகாதா?

எங்கள் வண்டிக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் உள்ளம் உறுத்துகிறது. சில மாதங்கள் கழித்து அன்னையாரிடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மணியை மட்டும் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மணிய அடிச்சப்பதான் தம்பி, ரோட்டுல மொத மொதல்ல ஆம்பளைங்க எனக்கு வழி விட்டாங்க" என்றார்.

அந்த மணி இப்போது எங்கள் வீட்டு மாடத்தில், ஆவூர் பெரியநாயகி மாதாவின் படத்தருகே இருக்கிறது. மாலைச் செபமாலை முடிந்ததும் பேரப்பிள்ளைகளில் ஒன்று எட்டி அதை ஒரு முறை ஒலிக்கச் செய்யும். யாரும் தடுப்பதில்லை.